முசோலினியை மேலே கொண்டுவந்தது விலைவாசியா, பண்ணையார்களா, நாடாளுமன்றமா?

#1 தேர்வுக்காலம்

எல்லோருக்கும் வணக்கம். போட்டித் தேர்வுக்கு ஐரோப்பிய வரலாறு படித்துக்கொண்டிருக்கிறேன். இத்தாலியில் பாசிசம் ஏன் வந்தது என்ற கேள்விக்கு எந்தக் கையேட்டைத் திறந்தாலும் ஒரே பதில். முதல் உலகப் போரில் வென்றும் எதிர்பார்த்த நிலம் கிடைக்கவில்லை, விலைவாசி ஏறியது, வேலையில்லாத் திண்டாட்டம், கம்யூனிசப் பயம். மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் மனம் ஒப்பவில்லை.

1919 நவம்பர் தேர்தலில் முசோலினி தன் சொந்தக் கோட்டையான மிலானில் நின்றார். அவருடைய பட்டியலுக்கு 5,000 ஓட்டுகூட விழவில்லை, ஓர் இடமும் கிடைக்கவில்லை. அதே ஆள் 1922 அக்டோபர் கடைசியில் பிரதமர். நடுவில் மூன்று வருடம்கூட இல்லை. விலைவாசியும் வேலையின்மையும் போருக்குப் பின் ஐரோப்பா முழுக்க இருந்தன. அப்படியிருக்க இத்தாலியில் மட்டும் அந்த மூன்று வருடங்களில் என்னதான் நடந்தது? யாராவது பொறுமையாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

#2 ஏட்டுச்சுவடி

நல்ல கேள்வி தம்பி. பொருளாதாரத்திலிருந்து தொடங்குகிறேன், மற்றவர்கள் திருத்தட்டும்.

இத்தாலி 1915 மே மாதம் போரில் இறங்கியபோதே நாடு இரண்டாகப் பிளந்திருந்தது. லண்டனில் ரகசியமாக ஒப்பந்தம் போட்டுவிட்டு, நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை உறுப்பினர்களுக்கு விருப்பமில்லாத போருக்குள் மன்னரும் அமைச்சர்களும் நாட்டை இழுத்துப் போனார்கள். ஏறத்தாழ 6 லட்சம் பேர் செத்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். 1917 அக்டோபரில் கப்போரெட்டோ சண்டையில் இத்தாலியப் படை சிதறியது. அதற்குப் பிறகுதான் பதுங்குகுழிகளில் கிடந்தவர்களிடம் ‘போர் முடிந்ததும் உங்களுக்கு நிலம்’ என்று சொல்ல ஆரம்பித்தார்கள். இந்த வாக்குறுதியை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் பல விஷயங்களுக்கு இதுதான் வேர்.

போர்ச்செலவை வரியால் ஈடுகட்டவில்லை. பிரிட்டனிடமும் அமெரிக்காவிடமும் கடன் வாங்கினார்கள், மக்களிடம் பத்திரம் விற்றார்கள், மிச்சத்துக்கு நோட்டு அடித்தார்கள். போருக்கு முன் ஒரு டாலருக்கு 5 லிரா சொச்சம். 1920 முடிவில் அது 28 லிராவைத் தாண்டியது. இத்தாலிக்கு நிலக்கரி கிடையாது, கோதுமையும் போதாது. இரண்டையும் கப்பலில் கொண்டுவர வேண்டும். லிரா சரிந்தால் ரொட்டி விலை ஏறும், ஆலைச் செலவும் ஏறும். 1914ஐ ஒப்பிட்டால் 1920ல் வாழ்க்கைச் செலவு ஏறத்தாழ நான்கு மடங்கு.

இதில் யார் அடிபட்டார்கள் என்பதுதான் முக்கியம். ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது. வேலைநிறுத்தம் செய்து கூலியை உயர்த்திக்கொண்டார். குமாஸ்தா, பள்ளி ஆசிரியர், ஓய்வூதியக்காரர், வீட்டு வாடகையில் வாழ்ந்தவர், தேசப்பற்றோடு போர்ப்பத்திரம் வாங்கிச் சேர்த்து வைத்தவர், இவர்களுக்கெல்லாம் கேட்க ஆளில்லை. கீழே இருந்தவன் மேலே வருகிறான், நான் கீழே போகிறேன் என்ற கசப்பு இங்கேதான் ஊறியது. போரில் தற்காலிக அதிகாரியாக இருந்து திரும்பிய இளைஞனுக்கு வேலை இல்லை, மரியாதையும் இல்லை. போதாததற்கு 1919 செப்டம்பரில் பிரதமர் நிட்டியின் அரசு படையை விட்டு ஓடியவர்களுக்குப் பொது மன்னிப்பு கொடுத்தது. மனிதாபிமானப்படி சரியான முடிவுதான். ஆனால் காயத்தோடு திரும்பியவர்கள் அதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று யோசியுங்கள்.

இன்னொன்று பாடப்புத்தகத்தில் அநேகமாக வராது. போருக்கு முன் இத்தாலியின் வேலையின்மைக்கு வடிகால் வெளிநாடு. 1913ல் மட்டும் 8 லட்சத்துக்கு மேற்பட்டோர் புலம்பெயர்ந்தார்கள். போர் அந்த வழியை அடைத்தது. 1921ல் அமெரிக்காவும் ஆள் வரத்துக்கு உச்சவரம்பு போட்டது. வெளியே போயிருக்க வேண்டிய கைகள் எல்லாம் கிராமத்திலேயே தங்கிவிட்டன.

#3 நள்ளிரவு வாசகன்

இவ்வளவு ஆராய வேண்டுமா நண்பர்களே? மக்கள் வெறுத்துப்போய் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள், வந்தார். ஹிட்லருக்கும் அதுதானே நடந்தது.

#4 மரப்பாலம்

நண்பரே, இது பலரும் நம்புகிற தவறு, அதனால் உடனே சொல்லிவிடுகிறேன். முசோலினி எந்தத் தேர்தலிலும் வென்று பிரதமராகவில்லை. 1921 மே தேர்தலில் பாசிஸ்டுகளுக்குக் கிடைத்தது 535ல் 35 இடம். அதுகூடத் தனியாக நின்று வாங்கியதல்ல, பிரதமர் ஜோலிட்டி தன் ‘தேசியக் கூட்டணி’ப் பட்டியலில் சேர்த்துக்கொண்டதால் வந்தது. அந்த 35ஐ வைத்துக்கொண்டுதான் அடுத்த வருடம் ஆட்சி. 1924 தேர்தல் அவர் ஆட்சியில் அமர்ந்த பிறகு, அடியாட்கள் வாக்குச்சாவடியில் நிற்க நடந்தது.

ஏட்டுச்சுவடி ஐயா சொன்னதெல்லாம் சரி. ஆனால் கால வரிசையில் எனக்கு ஒரு நெருடல். மக்கள் கொதித்தது எப்போது? 1919 ஜூன், ஜூலையில். வடக்கிலும் நடுப்பகுதியிலும் நகரம் நகரமாக விலைவாசிக் கலவரம். கடைக்காரர்கள் பயந்துபோய்க் கடைச்சாவியைத் தொழிலாளர் மன்றங்களில் (ஊரிலுள்ள தொழிற்சங்கங்களின் பொது அலுவலகம்) ஒப்படைத்தார்கள், பொருள்கள் பாதி விலைக்கு விற்றன. அப்போது பாசிஸ்டுகளை யாரும் சீண்டவில்லை. நவம்பர் தேர்தலில் சோஷலிஸ்டுகளுக்கு 156 இடம், பாதிரியார் ஸ்தூர்சோ தொடங்கிய கத்தோலிக்க மக்கள் கட்சிக்கு 100. பசி மக்களை இடது பக்கம் தள்ளியது, வலது பக்கம் அல்ல.

பாசிஸ்டுகளின் உறுப்பினர் கணக்கைப் பாருங்கள். 1920 டிசம்பரில் சுமார் 20,000. 1921 மே மாதம் 1,87,000. ஐந்தே மாதத்தில் ஒன்பது மடங்கு. ஆனால் அந்த ஐந்து மாதத்தில் புரட்சி அலை ஏற்கெனவே வடிந்துவிட்டது. செப்டம்பர் 1920ல் ஆலைகளைப் பிடித்த தொழிலாளர்கள் வெளியேறிவிட்டார்கள், வேலைநிறுத்தங்கள் குறைந்துவிட்டன. கம்யூனிசப் பயத்தால் பாசிசம் வந்தது என்று சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஆபத்து இருந்தபோது வராத காவலர்கள் ஆபத்து போன பிறகு ஏன் வந்தார்கள்?

இடத்தையும் பாருங்கள். பசி அதிகம் இருந்த தெற்கில், அபூலியா தவிர, பாசிசம் அப்போது பெயருக்குத்தான் இருந்தது. ஆலைத் தொழிலாளர் நிறைந்த துரினிலும் அது பலவீனம். வெடித்தது ஃபெர்ராரா, பொலோன்யா, கிரெமோனா, ரொவீகோ. அத்தனையும் போ ஆற்றுச் சமவெளி.

#5 தேர்வுக்காலம்

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். ஆனால் போ சமவெளி செழிப்பான பூமி என்றல்லவா படித்திருக்கிறேன்? அங்கே ஏன்?

#6 வயல்வரப்பு

செழிப்பான பூமி என்பதால்தான் தம்பி. நான் உழவுக் குடும்பத்தில் பிறந்தவன். இந்தப் பகுதியை வாசித்தபோது என்னால் ஒரே மூச்சில் படித்து முடிக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போ ஆற்றின் கீழ்ப்பகுதியில் பெரும்பகுதி சதுப்பு நிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பணமுள்ளவர்கள் நீராவி இறைப்பான் வைத்துத் தண்ணீரை வடித்துப் பெரும் பண்ணைகள் ஆக்கினார்கள். கோதுமை, சணல், சர்க்கரைக்கிழங்கு. வடிகால் வெட்டவும் கரை போடவும் ஆயிரக்கணக்கில் கூலியாட்கள் வந்தார்கள். வேலை முடிந்தது, ஆட்கள் தங்கிவிட்டார்கள். நிலமில்லை, வாரமில்லை, நிரந்தர வேலையும் இல்லை. அறுவடையின்போது எல்லோரும் வேண்டும், மற்றபடி ஆண்டில் பல மாதங்கள் சும்மா. ஒரு வேலைக்கு மூன்று பேர் காத்து நின்றால் கூலி என்ன ஆகும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தினக்கூலிகள் சங்கம் கட்டினார்கள். வெறும் கூலி உயர்வு கேட்கிற சங்கம் அல்ல அது. வேலை கொடுக்கும் உரிமையையே கையில் எடுத்தது. எந்தப் பண்ணைக்கு ஆள் வேண்டுமானாலும் சங்கத்தின் வேலைப் பதிவிடத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே முறைப்படி பெயர் வரும். பண்ணையார் தனக்குப் பிடித்தவனைக் கூப்பிட முடியாது, பிடிக்காதவனைப் பட்டினி போட முடியாது. இத்தனை ஏக்கருக்கு இத்தனை பேர், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் குளிர்காலத்திலும் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. சங்கத்தை மீறி வேலைக்குப் போனவனுக்கும் வேலை கொடுத்தவனுக்கும் ஊர்விலக்கு. ரொட்டிக்கடைக்காரர் ரொட்டி தரமாட்டார். இந்தக் கடுமையை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் அதுதான் வினையாகிறது.

1920ல் பொலோன்யா மாவட்டத்தில் பத்து மாதம் நீண்ட விவசாய வேலைநிறுத்தம். பயிர் வயலிலேயே அழுகியது. அக்டோபர் கடைசியில் நில உடைமையாளர்கள் பணிந்து கையெழுத்துப் போட்டார்கள். அதே மாதங்களில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் நாட்டின் எட்டாயிரத்துச் சொச்சம் கம்யூன்களில் (நம் ஊராட்சி, நகராட்சி மாதிரி) இரண்டாயிரத்துக்கு மேல் சோஷலிஸ்டுகள் கைக்கு வந்தன. போ சமவெளியில் கிட்டத்தட்ட வாரிச் சுருட்டிவிட்டார்கள். உள்ளூர் வரி போடும் அதிகாரமும் அவர்களிடம்.

இப்போது பண்ணையார் இடத்தில் நின்று பாருங்கள். ரோமில் இருக்கும் அரசு அவருக்காகப் படையை அனுப்பவில்லை. நகராட்சி எதிரி கையில். வேலைச் சந்தை எதிரி கையில். புரட்சி வரப்போகிறது என்ற பயம் அல்ல இது. அவருக்குப் புரட்சி வந்தே விட்டது, அவருடைய களத்துமேட்டுக்கே வந்துவிட்டது. ஆலை முதலாளிக்கு இது செப்டம்பரில் மூன்று வாரம். பண்ணையாருக்கு வருடம் முழுக்க. மரப்பாலம் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். நகரத்தில் அலை வடிந்த பிறகும் வயலில் வடியவில்லை.

ஆனால் பண்ணையார்கள் கொஞ்சம் பேர். அவர்கள் மட்டும் சேர்ந்து ஓர் இயக்கத்தை ஊதிப் பெருக்க முடியாது. நடுவில் இருந்தவர்களைப் பார்க்க வேண்டும். பாதி வாரத்துக்கு உழுதவர்கள், சிறு குத்தகைதாரர்கள், போர்க்காலத்திலும் அதன்பின்னும் கடன் வாங்கியோ சேமித்தோ துண்டு நிலம் வாங்கியவர்கள். விளைபொருள் விலை ஏறியதால் இவர்களில் சிலருக்குக் கையில் காசு புரண்டது, இந்தப் புதுச் சிறு உடைமையாளர்கள் கூட்டம் அந்த வருடங்களில் நன்றாகவே பெருகியது. இவர்களுக்குச் சங்கம் என்ன சொன்னது? நிலம் எல்லோருக்கும் பொது என்றது. ஐந்து ஏக்கர் வாங்கக் கால் நூற்றாண்டு உழைத்தவனிடம் போய் இதைச் சொன்னார்கள். அவன் வீட்டு ஆட்களே அறுக்கக்கூடிய வயலுக்குச் சங்கத்து ஆளைக் கூலிக்கு வை என்றார்கள். கதிரடிக்கும் இயந்திரம் யாருடையது என்பதில் தினக்கூலிகளுக்கும் வாரக்குடிகளுக்கும் போருக்கு முன்பே ரொமாஞ்யாவில் மோதல் நடந்திருக்கிறது.

பாசிஸ்டுகள் 1921ல் இவர்களிடம் வந்து சொன்னது ஒரே வரி. நிலம் உழுபவனுக்கு. ஃபெர்ராராவில் சில பண்ணையார்களிடம் பேசித் துண்டு துண்டாகக் குத்தகைக்கும் விடவைத்தார்கள். பதுங்குகுழியில் கொடுத்த வாக்கை நிறைவேற்ற வந்தவர்கள் போலத் தெரிந்தார்கள்.

#7 செங்காந்தள்

வயல்வரப்பு அண்ணா, ஒவ்வொரு வார்த்தையும் படித்தேன். ஆனால் படித்து முடித்ததும் ஒரு கவலை. இப்படிச் சொல்லும்போது, ‘சங்கம் கடுமையாக இருந்தது, அதனால் அடி வாங்கியது’ என்று ஒருவர் புரிந்துகொள்ளலாம். ஊர்விலக்கும் தீவைப்பும் ஒன்றல்ல. அடித்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் யாராவது எழுதுங்கள்.

#8 மரப்பாலம்

நான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். இத்தாலியில் கறுப்புச் சட்டை என்பது பாசிஸ்ட் அடியாட்கள் போர்க்கால அதிரடிப் படையிலிருந்து எடுத்துக்கொண்ட சீருடை. நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு முற்றிலும் வேறு வரலாறு, வேறு பொருள். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

1920 நவம்பர் 21. பொலோன்யா நகராட்சிக் கட்டடத்தில் புதிய சோஷலிஸ்ட் நிர்வாகம் பதவியேற்கிறது. பாசிஸ்டுகள் வருவதாக முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். சதுக்கத்தில் துப்பாக்கிச்சூடு. உள்ளே காவலுக்கு இருந்தவர்கள் பதறிப்போய்க் கூட்டத்துக்குள்ளேயே கையெறிகுண்டு வீசினார்கள், செத்தவர்கள் பெரும்பாலும் சோஷலிஸ்ட் ஆதரவாளர்கள். அவை மண்டபத்துக்குள் எதிர்க்கட்சி உறுப்பினர் ஜியூலியோ ஜியோர்தானி சுடப்பட்டு இறந்தார். போரில் காலை இழந்தவர் அவர். செய்தி பரவியதும் மக்கள் அனுதாபம் திரும்பியது. ஒரு மாதத்தில் ஃபெர்ராராவிலும் கோட்டை அருகே இதேபோல் மோதல், சாவு.

அதன்பின் அன்றாடம் நடந்தது இதுதான். இரவில் லாரிகளில் முப்பது, ஐம்பது பேராகப் புறப்படுவார்கள். பக்கத்து மாவட்டத்து ஆட்கள் என்பதால் முகம் தெரியாது. சங்கச் செயலாளர் வீட்டைத் தட்டுவார்கள். தடியடி, வாயில் விளக்கெண்ணெய் ஊற்றுவது, சில நேரம் கொலை. சங்க அலுவலகத்தையும் கூட்டுறவுக் கடையையும் கொளுத்திவிட்டுப் போவார்கள். 1921ன் முதல் ஆறு மாதத்தில் மட்டும் 119 தொழிலாளர் மன்றங்கள், 107 கூட்டுறவுகள், 83 விவசாயிகள் சங்க அலுவலகங்கள். இவை எல்லாம் முப்பது வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்தவை. கூட்டுறவுக் கடை எரிந்தால் ஊரின் அரிசிப்பானை எரிந்த மாதிரி. வேலைப் பதிவேடு எரிந்தால் மறுநாள் காலை கூலியாள் மீண்டும் பண்ணை வாசலில் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

லாரிக்கும் பெட்ரோலுக்கும் காசு எங்கிருந்து? பண்ணையார் சங்கங்களிலிருந்து. ஃபெர்ராராவில் இதாலோ பால்போ பாசிஸ்ட் அமைப்பின் சம்பளம் வாங்கும் செயலாளராகத்தான் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு 24 வயது. துப்பாக்கிகள் பல இடங்களில் படைமுகாமிலிருந்தே வந்தன. காவல் துறை பார்த்துக்கொண்டு நின்றது, அல்லது அடிபட்டவரையே ஆயுதம் வைத்திருந்ததாகக் கைது செய்தது. இரு பக்கமும் வன்முறை இருந்தது என்பது உண்மை. ஆனால் ஒரு பக்கத்தின் வன்முறைக்கு மட்டும்தான் அரசு கண்ணை மூடிக்கொண்டது.

ஜியாகோமோ மத்தேயோத்தியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ரொவீகோ மாவட்டத்தில் நிலமுள்ள குடும்பத்தில் பிறந்து, அந்தக் கூலியாட்களுக்காகப் பேசியவர். 1921 ஜனவரி முதல் நாடாளுமன்றத்தில் எழுந்து ஊர் ஊராகப் பட்டியல் படித்தார். மார்ச்சில் காஸ்தெல்குல்யேல்மோ என்ற ஊரில் பாசிஸ்டுகள் அவரையே பிடித்துக்கொண்டு போய்ச் சித்திரவதை செய்தார்கள். 1924ல் கொல்லப்பட்டதுதான் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு அது முதல் தாக்குதல் அல்ல.

#9 தேர்வுக்காலம்

அப்படியானால் உறுப்பினர்கள் எல்லோரும் பண்ணையார் ஆட்களா?

#10 மரப்பாலம்

இல்லை. 1921 நவம்பரில் கட்சியாக மாறியபோது ஒன்றரை லட்சம் உறுப்பினர்களை வகைப்படுத்தினார்கள். விவசாயத் தொழிலாளர் 24 விழுக்காடு, ஆலைத் தொழிலாளர் 15, மாணவர் 13, நில உடைமையாளர் 12. மிச்சம் குமாஸ்தாக்கள், கடைக்காரர்கள், வழக்கறிஞர்கள். பாதிக்கு மேல் முன்னாள் படைவீரர்கள். அந்த 24 விழுக்காட்டில் விரும்பி வந்தவர் எத்தனை, சங்கம் எரிந்தபின் வேறு வழியின்றி வந்தவர் எத்தனை என்று பிரிக்க முடியாது. மாணவர் பங்கைக் கவனியுங்கள். போருக்குப் போகும் வயதைத் தவறவிட்ட நடுத்தர வீட்டுப் பையன்கள்.

#11 செங்காந்தள்

இப்போது என் பக்கத்து விமர்சனத்தையும் நானே வைக்கிறேன். சோஷலிஸ்ட் கட்சி மீது எனக்கு மரியாதை உண்டு, அதனால்தான் கோபமும் வருகிறது.

அவர்கள் 1919 அக்டோபரில் பொலோன்யா மாநாட்டில் புரட்சிதான் வழி என்று தீர்மானம் போட்டார்கள். ஆனால் புரட்சிக்கு எந்த ஏற்பாடும் செய்யவில்லை. 156 இடத்தோடு நாடாளுமன்றத்தின் மிகப் பெரிய கட்சியாக இருந்தும் எந்த அமைச்சரவையிலும் சேரவில்லை, எதையும் ஆதரிக்கவும் இல்லை. 1920 செப்டம்பரில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் ஆலைகளுக்குள் இருந்தபோது, இதைப் புரட்சியாக்கலாமா என்று தொழிற்சங்கக் கூட்டமைப்பில் ஓட்டெடுத்தார்கள். வேண்டாம் என்று 5,91,000, வேண்டும் என்று 4,09,000. புரட்சியை ஓட்டுப் போட்டு முடிவு செய்கிற கட்சிக்கு அதைச் செய்யும் எண்ணம் இல்லை என்றுதானே பொருள்? ஆனால் பயமுறுத்துகிற பேச்சு மட்டும் நிற்கவில்லை. முதலாளி பயந்தான், தொழிலாளி சோர்ந்தான்.

1921 ஜனவரியில் லிவோர்னோ மாநாட்டில் கட்சி உடைந்து கம்யூனிஸ்டுகள் தனியே போனார்கள். கிராமங்களில் சங்க அலுவலகங்கள் எரிந்துகொண்டிருந்த அதே வாரங்களில். சீர்திருத்தவாதிகளின் தலைவர் துராத்தி 1922 ஜூலை இறுதியில் மன்னரைப் போய்ச் சந்தித்து, பாசிசத்தைத் தடுக்கும் அரசை ஆதரிக்கத் தயார் என்ற நிலைக்கு வந்தார். இதை 1920ல் செய்திருந்தால்? அதற்கும் தண்டனையாக அக்டோபர் தொடக்கத்தில் அவரையும் மத்தேயோத்தியையும் கட்சியிலிருந்து வெளியேற்றினார்கள். ஆட்சியைக் கேட்டுப் பாசிஸ்டுகள் நடத்திய ரோம் அணிவகுப்புக்கு நான்கு வாரம்கூட இல்லை.

#12 ஏட்டுச்சுவடி

செங்காந்தள், உங்கள் நேர்மைக்கு வணக்கம். ஆனால் பழி முழுவதையும் அவர்கள் தலையில் வைக்க நான் விடமாட்டேன். ஆண்டவர்களின் கணக்கு இன்னும் பெரியது.

போருக்கு முன் இத்தாலியத் தாராளவாதிகளிடம் கட்சி என்று ஒன்றே கிடையாது. ஊர்ப் பெரியவர்கள், அவர்களுக்கு வேண்டியதைச் செய்துகொடுத்து ஓட்டு வாங்கும் பிரதமர். ஜோலிட்டி இதில் கைதேர்ந்தவர். 1912ல் ஓட்டுரிமை விரிந்து வாக்காளர் எண்ணிக்கை 33 லட்சத்திலிருந்து 86 லட்சமானது. 1919ல் எல்லா ஆண்களுக்கும் ஓட்டு, அதோடு விகிதாசாரப் பிரதிநிதித்துவமும். ஒரே தேர்தலில் பழைய ஆட்டம் கலைந்துபோனது. சோஷலிஸ்டும் கத்தோலிக்கரும் சேர்ந்தால் பெரும்பான்மை. அவர்கள் சேரமாட்டார்கள். தாராளவாதிகள் தனியாக ஆள முடியாது. ஸ்தூர்சோவுக்கும் ஜோலிட்டிக்கும் ஆகாது. ஒர்லாந்தோ, நிட்டி, ஜோலிட்டி, பொனோமி, ஃபாக்டா என்று மூன்றரை ஆண்டில் ஐந்து பிரதமர்கள். நிட்டி அரசு 1920 ஜூனில் கவிழ்ந்தது ரொட்டி விலையை உயர்த்தப்போய்.

இடையில் கவிஞர் தன்னுன்சியோ 1919 செப்டம்பரில் படையாட்களோடு போய், இத்தாலி கேட்டும் கிடைக்காத ஃபியூமே துறைமுகத்தைப் பிடித்தார். ‘ஊனப்பட்ட வெற்றி’ என்ற சொல் அவருடையது. பாடப்புத்தகம் நிலம் கிடைக்காத ஏமாற்றத்தை வலியுறுத்துகிறது. என் பார்வையில் அதைவிடப் பெரிய பாடம், அரசை மீறிய படையினர் ஓராண்டுக்கு மேல் தண்டனையின்றி ஒரு நகரத்தை ஆண்டார்கள் என்பது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

ஜோலிட்டி ஆலைப் பிடிப்பின்போது படையை அனுப்பவில்லை. ரத்தம் சிந்தாமல் முடித்தார். இன்றைக்கும் அதை நான் அறிவுள்ள செயல் என்றே சொல்வேன். ஆனால் முதலாளிகள் அவரை அதற்காக மன்னிக்கவில்லை. பங்குப் பத்திரங்கள் அனைத்தும் உடைமையாளர் பெயரில் பதிவாக வேண்டும் என்றும் அவர் சட்டம் கொண்டுவந்தார். பெயரில்லாப் பங்குகளில் சொத்து வைத்திருந்தவர்களுக்கு, திருச்சபை உட்பட, அது நேரடி அடி. அவரே 1921ல் பாசிஸ்டுகளைத் தன் பட்டியலில் சேர்த்தார். நாடாளுமன்றத்துக்குள் கொண்டுவந்தால் அடங்கிவிடுவார்கள் என்று நினைத்தார். தெருவில் அடித்தவர்களுக்குச் சபையில் நாற்காலியும் கைதாகாத பாதுகாப்பும் கிடைத்தன. 78 வயது வரை அரசியல் பார்த்த மனிதர் செய்த பிழை இது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

#13 நள்ளிரவு வாசகன்

என் தவறைத் திருத்தியதற்கு நன்றி, மரப்பாலம். இழையை முழுதாகப் படித்தேன். ஒரு சந்தேகம். முதலாளிகள்தான் பாசிசத்தை உருவாக்கினார்கள் என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். நீங்கள் பேசியது முழுக்கப் பண்ணையார்கள். ஆலை முதலாளிகள் எங்கே?

#14 ஏட்டுச்சுவடி

மிலான், துரின் ஆலை அதிபர்களில் பணம் கொடுத்தவர்கள் உண்டு. ஆனால் 1922 வரைக்கும் அவர்களில் பலரின் விருப்பம், 1915ல் பிரதமராக இருந்த சலாந்திரா மாதிரியான ஒரு வலதுசாரிப் பிரதமர். ஜோலிட்டியே திரும்பி வந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். முசோலினி அவர்களுக்குக் கடைசியில் கிடைத்த ஆள்.

அவர்களைத் தள்ளியது 1921ன் மந்தம். போரில் கொழுத்த எஃகு நிறுவனங்கள் போர் ஆர்டர் நின்றதும் தள்ளாடின. இல்வா, அன்சால்டோ இரண்டும் சரிந்தன. அன்சால்டோவோடு பிணைந்திருந்த பாங்கா இத்தாலியானா தி ஸ்கோந்தோ 1921 டிசம்பரில் கதவை மூடியது. நாட்டின் பெரிய வங்கிகளில் ஒன்று அது, சேமிப்பைப் போட்டிருந்தவர்கள் தெருவில் நின்றார்கள். வேலையில்லாதவர் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டியது. அந்த நேரத்தில் முசோலினி பேச்சை மாற்றிக்கொண்டார். 1919 மார்ச்சில் மிலானில் இயக்கம் தொடங்கியபோது சொன்னது குடியரசு, மூலதனத்தின் மீது கடும் வரி, திருச்சபைச் சொத்துப் பறிமுதல். 1922 செப்டம்பரில் உதீனேயில் பேசும்போது மன்னராட்சி இருக்கட்டும், அரசு தொழிலில் தலையிடாமல் இருக்கட்டும் என்றார். கேட்க வேண்டியவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

பதவிக்கு வந்ததும் முதல் மாதத்துக்குள் என்ன செய்தார் தெரியுமா? ஜோலிட்டியின் பங்குப் பதிவுச் சட்டத்தை ரத்து செய்தார். போர்க்கால ஒப்பந்தங்களில் கொள்ளையடித்தது யார் என்று விசாரித்துக்கொண்டிருந்த நாடாளுமன்றக் குழுவையும் கலைத்தார். தம்பி, தேர்வில் இந்த இரண்டையும் எழுது. நான்கு பக்க விளக்கத்தைவிட அது அதிகம் சொல்லும்.

#15 மரப்பாலம்

கடைசி நாள்களையும் சேர்த்துவிடுகிறேன், சுருக்கமாக. 1922 ஆகஸ்டில் தொழிற்சங்கங்கள் சட்டத்தைக் காப்பாற்றச் சொல்லிப் பொது வேலைநிறுத்தம் அறிவித்தன. பாசிஸ்டுகள் அதை உடைத்தார்கள், தாங்களே டிராம் ஓட்டினார்கள், மிலான் நகராட்சியைப் பிடித்தார்கள். பார்மாவில் மட்டும் முடியவில்லை. ஆற்றுக்கு அப்பால் இருந்த ஏழைத் தெருக்களில் கூய்தோ பிச்செல்லி தலைமையில் மக்கள் தடுப்பரண் கட்டி, பால்போவின் ஆயிரக்கணக்கான ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள். தடுக்கவே முடியாத சக்தி அது என்று சொல்பவர்களுக்கு நான் பார்மாவைத்தான் காட்டுவேன்.

அக்டோபர் 28 காலை ரோமைச் சுற்றி மழையில் நனைந்தபடி சரியான ஆயுதமில்லாமல் கறுப்புச் சட்டைகள். நகரத்துக்குள் ஜெனரல் புலியேசேயின் கீழ் 28,000 படையினர். பிரதமர் ஃபாக்டா நெருக்கடி நிலை ஆணை தயாரித்தார், சுவரொட்டிகூட ஒட்டியாகிவிட்டது. மன்னர் மூன்றாம் விக்தர் இமானுவேல் கையெழுத்திட மறுத்தார். முசோலினி மிலானிலிருந்து படுக்கை ரயிலில் 30ஆம் தேதி வந்து, மறுநாள் பதவி ஏற்றார். நவம்பரில் நம்பிக்கை வாக்கெடுப்பு. 306 பேர் ஆதரவு, 116 எதிர்ப்பு. பாசிஸ்ட் உறுப்பினர் 35 பேர்தான் என்பதை மறக்காதீர்கள். மீதிக் கைகள் தாராளவாதிகளுடையவை, கத்தோலிக்கர்களுடையவை. ஜோலிட்டியும் ஆதரித்தார்.

#16 தேர்வுக்காலம்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தேர்வைத் தாண்டி இது என்னை விடாது போலிருக்கிறது. வயல்வரப்பு அண்ணாவிடம் கடைசியாக ஒன்று. நிலம் கிடைக்கும் என்று நம்பிப் போன அந்தக் கூலியாட்கள் என்ன ஆனார்கள்?

#17 வயல்வரப்பு

சங்கம் எரிந்தபின் பல கிராமங்களில் உறுப்பினர்கள் மொத்தமாகப் பாசிஸ்ட் தொழிற்சங்கத்துக்கு மாறினார்கள். பதிவிடம் இப்போது அங்கே, வேலை வேண்டுமானால் அங்கேதான் பெயர் கொடுக்க வேண்டும். குத்தகைக்குக் கிடைத்த துண்டு நிலம் கொஞ்சம் பேருக்குத்தான் நிலைத்தது. பெரும்பண்ணைகள் பெரும்பண்ணைகளாகவே இருந்தன. இத்தனை ஏக்கருக்கு இத்தனை ஆள் என்ற நிபந்தனை கைவிடப்பட்டது. 1926ல் வேலைநிறுத்தமே சட்டப்படி குற்றமானது. 1927ல் லிராவின் மதிப்பை உயர்த்திப் பிடிப்பதற்காக நாடு முழுக்கக் கூலியை வெட்டினார்கள், மே மாதம் 10 விழுக்காடு, அக்டோபருக்குள் அது 20 வரை போனது. அப்போது ஃபெர்ராராவில் கூலியாள் போய் முறையிட ஒரு கட்டடமும் இல்லை. அவன் தாத்தா செங்கல் சுமந்து கட்டியதை ஆறு வருடத்துக்கு முன்பே கொளுத்தியிருந்தார்கள்.